பளிச்சென்று ஓர் அறை

மார்ச் 3, செவ்வாய்

குட்டிக்கு ஆஸ்துமாவாம். ஏழு வயதுக் குழந்தைக்கு! விடுதியில் நாற்பது அறைகளின் சுத்தத்துக்குப் பொறுப்பாக இருப்பவள் நான். மேஜையை விரலால் தடவிப் பார்த்தே யார் துடைத்தது என்று சொல்லிவிடுவேன். என் வீட்டில் தூசி ஏது?

டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா? சுவரில் ஈரம், பூஞ்சை? குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? அங்கேதான் இவர் மெல்ல வாயைத் திறந்தார்: "சின்ன வயசுல எனக்கும் இழுப்பு இருந்துச்சு." கல்யாணமாகிப் பத்து வருஷம். இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது!

"வீட்டை எப்படிச் சுத்தம்..." என்று டாக்டர் அடுத்து ஆரம்பித்தார். "அதைப் பத்திக் கவலையே படாதீங்க டாக்டர்" என்று முடித்துவிட்டேன். தினமும் இரண்டு வேளை இன்ஹேலர். இருமல் நின்றாலும் அவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாதாம்.

மார்ச் 7, சனி

திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்தேன். குட்டியின் அறைத் தரைக்கு விடுதியிலிருந்து கொண்டுவந்த கிருமிநாசினித் திரவம், தண்ணீர் அதிகம் கலக்காமல். தெருத்தூசி வராதபடி ஜன்னலையும் சாத்தியாயிற்று. அறை பளிச்சென்று இருக்கிறது. கண்தான் கொஞ்சம் எரிகிறது.

மார்ச் 8, ஞாயிறு

இருமல்.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி இருமல். மறுபடி துடைத்தேன். கட்டிலுக்கு அடியிலும்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு நாள் வெளியூரில் பயிற்சி. வேறு வழியில்லாமல் குட்டியை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தேன். அந்த வீட்டில் நாயும் மனிதர்களும் ஒரே சோபாவில்தான். பயந்துகொண்டே கூப்பிடப் போனால், குட்டி மூன்று மாடிப் படியையும் ஓடி இறங்கி வருகிறாள்!

"ஒரு தடவைகூட இருமலையே அண்ணி" என்றாள் நாத்தனார். முகத்தில் அந்தச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, வேறென்ன? சட்டையெல்லாம் நாய் முடி. அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய சுத்தம் போட்டுவிட வேண்டும்.

மார்ச் 21, சனி

எழுத்து கோணல்மாணலா வருது.

காலையில அவ அறையை ஒட்டின குளியலறை. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன், கறை போகல. மேலயே ஆசிட்டை ஊத்தினேன். சுர்ருனு புகை. திரும்பிப் பார்த்தா வாசல்ல நிக்கிறா. "அம்"னு சொன்னா. "மா" வரல. நெஞ்சுக்குழி உள்ள போகுது, வெளிய வர மாட்டேங்குது. உதடெல்லாம் நீலம். இவர்தான் தூக்கிட்டு வெளியே ஓடினார். இன்ஹேலர் கொடுத்தும் அடங்கல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் நான் என்ன கத்தினேன்னு எனக்கே தெரியல.

ஐயோ, என் கையாலயா?

மார்ச் 22, ஞாயிறு. ஆஸ்பத்திரி

பிழைத்துவிட்டாள்.

டாக்டரம்மா அதிர்ந்துபோனார். "ரெண்டையும் சேர்த்தா விஷ வாயு வரும்மா. பெரியவங்களுக்கே ஆகாது. சேர்க்காட்டியும், அந்த மாதிரி நெடியெல்லாம் இவ மூச்சுக்குழாய்க்கு ஒத்துக்காது. அன்னிக்கு அதைத்தான் கேக்க வந்தேன்." நாத்தனார் வீட்டைப் பற்றிச் சொன்னேன். "நாய் முடி ஆகாத பிள்ளைங்களும் உண்டு. இவளுக்கு எதுன்னு கவனிக்கணும்" என்றார். கவனிக்கிற லட்சணம்தான் தெரிகிறதே.

சாயங்காலம் முகத்திலிருந்து மாஸ்க்கை எடுத்ததும் குட்டி சொன்னாள்: "நீ துடைக்கிறப்பல்லாம் எனக்கு மூச்சு முட்டும்மா."

"ஏன்டி அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னேனே. இரு, இன்னும் நல்லா துடைக்கிறேன்னு சொன்னே."

சொல்லியிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் நினைவிருக்கிறது. இரண்டு முறை.

மார்ச் 29, ஞாயிறு

நெடியடிக்கும் பாட்டில் ஒன்றுகூட இப்போது வீட்டில் இல்லை. ஈரத் துணி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர், திறந்த ஜன்னல். துடைத்து, காய்ந்த பிறகுதான் அவளை உள்ளே விடுகிறேன். நாத்தனார் குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். வந்தாள், குட்டியைக் கொஞ்சினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 18, வியாழன்

வேலையில் இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன். "கொஞ்சம் உடனே வர முடியுமா?" எனக்கு உயிரே போய்விட்டது. ஏன், எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.

தலைமை ஆசிரியை அறையில் குட்டி முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தாள். ஓட்டப்பந்தயத்தில் ஏமாற்றினாள் என்று கூடப் படிக்கும் பெண்ணைப் பிடித்துத் திட்டியிருக்கிறாள். "என்னா கத்து கத்துறா உங்க பொண்ணு! மாடி வரைக்கும் கேட்டுச்சு" என்றார் அவளுடைய வகுப்பு டீச்சர்.

"நடுவுல இருமினாளா?"

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருமுறதுக்கு இடம் விட்டாத்தானேங்க!"

மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அதையும் கத்தித்தான் கேட்டாள். திரும்பி வரும்போது தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். குட்டி கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான்தானேம்மா தப்பு பண்ணேன். நீ ஏன் அழற?"