கடலில் இறந்த தாய்க்கு ஒரு பூசை

தாபோடி, புனே

அன்பு மகன் சேவியருக்கு அம்மா எழுதுவது,

மாதா துணையால் நானும் அப்பாவும் உன் தங்கை ஜெனிபரும் நலம், கப்பலில் நீயும் உன்னோடு இருப்பவர்களும் நலமாயிருக்க தினமும் செபமாலை சொல்கிறேன். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உங்கள் கப்பலில் ஏறப்போகிற பையனிடம் உனக்குப் பிடித்த பாகர்வடிப் பலகாரத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி. கப்பல் துறைமுகத்துக்கு வந்தபோது அதன் மூக்கில் ஒரு ஃபின் திமிங்கலம் செத்துத் தொங்கியது, இடித்ததே யாருக்கும் தெரியவில்லை, அறுத்துப் பார்த்தவர்கள் பால் சுரந்திருந்தது என்றார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. ஞாயிறு தமிழ்ப் பூசையில் அதற்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி ஒரு கருத்து எழுதிக் கொடுத்தேன். திமிங்கலம் என்று எழுத வெட்கமாக இருந்தது, கடலில் இறந்த ஒரு தாய்க்காக, வேண்டுபவர் இருதயராஜ் குடும்பம் என்று எழுதிவிட்டேன். சாமியார் வாசித்ததும் நம் வீட்டில் ஏதோ சாவு என்று கோயில் முழுக்கப் பரவி, நான் வீடு திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுப் பவுன் அக்கா இட்லிக் குண்டானோடு அழுதுகொண்டு நிற்கிறாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னதும் மீனுக்காடி என்னை அழ வச்ச என்று திட்டினாள், குண்டானை இறக்கி வைத்துவிட்டு, சரி, அதோட குட்டி என்னாச்சு என்று கேட்டாள். நீயும் அதைத்தானே கேட்டாய்.

ஜெனிபர் போனில் தேடிப் பார்த்தாள். ஏறக்குறைய ஒரு வருஷம் சுமந்து ஒற்றைக் குட்டி போடுமாம், ஆறேழு மாதம் பால் கொடுக்குமாம், பால் மறந்துவிட்டால் குட்டி தானே இரை தேடிக்கொள்ளுமாம், விட்டு வைத்தால் எண்பது வயதுக்கு மேலும் வாழுமாம். இந்தக் குட்டி பால் மறந்ததா தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று உனக்கு எழுத மாட்டேன். ஒரு காலத்தில் வேட்டையாடியே தீர்த்துவிட இருந்தார்களாம், பெரும்பாலான நாடுகள் நிறுத்திய பிறகு மெல்ல மெல்லப் பெருகி வருகிறதாம், இப்போது பெரிய ஆபத்துகளில் ஒன்று கப்பல்தானாம்.

அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுகிறேன், கப்பல் வேலையே வேண்டாம் என்கிறாய். வந்தால் உன் கட்டில் அப்படியே இருக்கிறது, ஒரு கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் நீ இறங்கினால் கப்பல் நிற்காது, உன் இடத்தில் இன்னொருவன் நிற்பான், அவனுக்கு இது உறுத்தாது. திமிங்கலங்கள் நடமாடும் இடங்களில் வேகத்தைக் குறைத்தால் பல உயிர் தப்பும் என்று நீதானே சொன்னாய், அதைக் கேப்டனிடம் மரியாதையாகச் சொல். முறைத்தால் மறுபடியும் சொல், சின்ன வயதில் சைக்கிள் கேட்டு அப்பாவை நச்சரித்த பிள்ளைதானே நீ.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தில் போட்டிருக்கும் மாதா சுருபத்தைக் கழற்றாதே. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக. அடுத்த ஞாயிறும் கருத்து கொடுத்திருக்கிறேன். தாயை இழந்த திமிங்கலக் குட்டிக்காகவும் என் மகன் சேவியருக்காகவும் என்று இந்த முறை வெட்கப்படாமல் எழுதிவிட்டேன், ஊரே கேட்கட்டும்.

உன் அம்மா,
அமலா இருதயராஜ்