மோனைக்கு ஒரு மோதிரம்

ஜன. 10, சனி

பாஸ்கர் அண்ணன் கோழை. திருப்பி அடிக்க முடியாத ஆளாகப் பார்த்துத்தான் பாட்டுக்குள் பிடித்துப் போடுகிறார். இரண்டு வருடமாக அவருக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

குளிர். சந்தாபுராவிலிருந்து பஸ், பிறகு மெட்ரோ, நடுவில் இரண்டு இடத்தில் மாறி அல்சூர், அவர் வீட்டில் ரிகர்சல். தோளில் கீபோர்டு. ஒருத்தரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

பா.அ. பிழைப்பு: தெரிந்த மெட்டில் தன் வரியைப் போட்டுச் சிரிக்க வைப்பது. உல்டா பாட்டு. கோயில் திருவிழா மேடையில் ஆரம்பித்து இப்போது அபார்ட்மெண்ட் விழா, யூடியூப். இதுவரை அவர் கையில் மாட்டியவர்கள், வந்த வரிசையில்:

ஹீரோக்கள். வசனம், விக், அறுபதில் காலேஜ் பையன் வேஷம்.
சீரியல் மாமியார்கள்.
டி.வி. பாட்டுப் போட்டியில் கண்ணைத் துடைக்கும் நடுவர்கள்.
சமையல் வீடியோக்காரர்கள், ஜிம் தம்பிகள்.
இப்போது: தெருவில் எவரோ படம் எடுத்து, ஒரு வாரம் ஊரே பார்த்த ஆட்கள். பேர்கூடத் தெரியாது.

"ட்ரெண்டு மாறுது, டாபிக் மாறுதும்மா" என்கிறார். பொய். ஒரு ஹீரோவைக் கிண்டல் செய்ததற்கு ரசிகர்கள் இவர் மகளின் காலேஜ் வாசலில் போய்த் திட்டினார்கள். ஹீரோ போச்சு. நடுவர் ஒருத்தர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். நடுவர் போச்சு. ரசிகரும் வக்கீலும் இல்லாதவர்கள்தான் மிச்சம்.

மதியம் போன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓர் அபார்ட்மெண்ட், அடுத்த ஞாயிறு தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழா. செகரட்டரியே பேசினார். பா.அ. ஸ்பீக்கரில் போட்டார்.

"பாலிடிக்ஸ் வேணாம் சார். கன்னடம் தமிழ் மேட்டர் வேணவே வேணாம்."

"சரி சார்."

"ஆக்டர்ஸ் வேணாம். எங்க குரூப்லயே ரெண்டு ஃபேன்ஸ் கோஷ்டி."

"தண்ணி டேங்கரப் பத்தி ஒரு பாட்டு இருக்கு. சக்கத்தா, செமயா இருக்கும்."

"அய்யோ. டேங்கர் எங்க ட்ரெஷரர் மச்சானோடது."

"அப்ப யாரைத்தான் சார் பாடறது?"

"அந்தத் தேங்கா லேடி இருக்கே! மோந்து பாரு, மோந்து பாரு!" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

தேங்கா லேடி எங்கள் கீழ் போர்ஷன் மல்லிகா அக்கா. சமையல் வேலை செய்த அபார்ட்மெண்டின் கேட்டில் தினமும் அவர் பையைத் திறந்து பார்ப்பார்கள். அன்று செக்யூரிட்டி அரை மூடித் தேங்காயைக் கையில் எடுத்து "இது யாருது?" என்றிருக்கிறான். அக்கா பையையே தரையில் கவிழ்த்துவிட்டு, தேங்காயை அவன் மூக்கில் வைத்து, "எங்க வீட்டுது! மோந்து பாரு! மோந்து பாரு!" மாடியிலிருந்து எவரோ எடுத்த வீடியோ. எடுத்தவர் முகம் எதிலும் இல்லை. மறுநாள் அக்காவின் கேட் பாஸ் ரத்து. அங்கே செய்த எல்லா வீடும் ஒரே காலையில் போயிற்று.

பா.அ.விடம், எனக்குத் தெரிந்தவர் என்றேன்.

"நெஜமா? ஒரு செல்ஃபி வீடியோ வாங்கித் தர்றியாம்மா?"

இனி இவரிடம் எதையும் சொல்வதாக இல்லை.

ஜன. 11, ஞாயிறு

துணி துவைத்தேன். பக்கெட்டில் ஓட்டை.

மல்லிகா அக்காவுக்குப் போன வாரம் வேலை கிடைத்திருக்கிறது. எங்கே என்று கேட்டேன். விழா நடக்கப்போகிற அதே இடம். செகரட்டரியின் அபார்ட்மெண்ட்.

மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போகிறாராம். "அங்க நான் சத்தமே போடறதில்ல நித்யா. வாய் பேச வராதுன்னு நெனச்சிருப்பாங்க."

பொங்கல் அன்று பரிமாறவும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"போவலன்னா ஏன்னு கேப்பாங்க. வீடியோல என் மூஞ்சி சரியாத் தெரியல, கொரலுதான். பாட்டுதான, பாடிட்டுப் போறாங்க. கெட்டதா ஒண்ணும் இல்லியே அதுல?"

இல்லை என்றேன். வரிகள் அப்போது வரவில்லை.

ஜன. 13, செவ்வாய்

ஆபீஸ். சாஃப்ட்வேரில் பக் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தேன். டீம் லீட் மீட்டிங்கில், "மோந்து பாத்தீங்களா நித்யா?" எல்லோரும் சிரிப்பு. தயிர் சாதம் புளித்திருந்தது.

பா.அ. பல்லவி அனுப்பினார்:

மோந்து பாரு வாட்ச்மேனே, மோந்து பாரு
மூடிக்குள்ள மாடிவீட்டு மோதிரம் பாரு

நல்ல வரி. அதுதான் எரிச்சல். மெட்டில் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் மோதிரம் ஏது? வீடியோவில் மோதிரமே இல்லை. போன் போட்டேன்.

"அண்ணா, அவங்க திருடல. திருடலன்னுதான் கத்தறாங்க."

"தெரியும்மா. காமெடி."

"மோதிரத்தை எடுத்துருங்க."

"எடுத்தா மோனை போயிடும். மோந்து, மூடி, மாடி, மோதிரம். என்ன போடட்டும், மோரா? மோருக்கு எவன் சிரிப்பான்?"

"அவங்க பொழப்பு போயிடும்ணா."

"பேரா சொல்றேன்? சும்னிரும்மா, சும்மா இரு. பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் அவர் அகராதியில் பாடுவேன் என்று அர்த்தம். அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பாரோ? செகரட்டரி காதுக்கும் போயிருக்கும். சொல்லவில்லை.

ஜன. 18, ஞாயிறு

நல்ல வெயில். கிளப் ஹவுஸ் முன்னால் பந்தல். கரும்பு பிளாஸ்டிக். நிஜக் கரும்பு குப்பையாகுமாம். அக்கா பொங்கல் அண்டா பக்கம், மாஸ்க், கண்ணாடி, தலையில் வலைத்தொப்பி. என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றார்.

ஜிம் தம்பி பாட்டு எடுபடவில்லை. கூட்டம் போனைத் தடவ ஆரம்பித்தது. பின்வரிசையிலிருந்து குரல், "மோந்து பாரு! மோந்து பாரு!" பா.அ. என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதைச் சரி என்று புரிந்துகொண்டாரா, அப்படிப் புரிந்துகொண்ட மாதிரி நடித்தாரா, தெரியாது. பாடினார். மோதிரத்தோடு. இரண்டாம் தடவை விரலில் மாட்டிப் பார்ப்பதுபோல் நடித்தும் காட்டினார்.

வாசித்தேன். நிறுத்தினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள், நான் பார்க்கிற இடத்தையும் பார்ப்பார்கள்.

பிறகு செகரட்டரிக்கு ஒரு யோசனை. மைக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் சுற்றினார், எல்லோரும் ஒரு தடவை அந்த அம்மா மாதிரி சொல்ல வேண்டும். குழந்தைகள் சொன்னார்கள். ஒரு டாக்டர் சொன்னார். மைக் அண்டா பக்கம் போனது.

"நீங்களும் சொல்லுங்க ஆன்ட்டி. வெக்கப்படாதீங்க. மாஸ்க்க எறக்குங்க."

அக்கா இறக்கினார். "மோந்து பாரு" என்றார். காற்று மாதிரி.

ஒரே சிரிப்பு. மேடையிலிருந்து பா.அ., "அப்டி இல்லக்கா! அடிவயித்துலேர்ந்து வரணும். இப்டி!" என்று கத்திக் காட்டினார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அவர்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லதுதான்.

சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"நெஜமாவே மோதிரமா எடுத்தா?"

"பின்ன? பாட்டே வந்துடுச்சே. தேங்காக்குள்ள சொருகி எடுத்துட்டுப் போயிருக்கா. நம்ம கேட்லயும் பையைச் செக் பண்ணச் சொல்லணும்ப்பா."

அவர்கள் தட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது மல்லிகா அக்கா. நெய் வேண்டுமா என்று கேட்டார்.

ஜன. 19, திங்கள்

மூட்டம். அந்த அபார்ட்மெண்டில் இன்றிலிருந்து வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குப் பை சோதனை. வெறுங்கையோடு போய் வரப் போகிறாராம் அக்கா. மதியச் சோறு? "காலைலயே துன்னுட்டுப் போறேன்."

பாட்டு யூடியூபில் ஏறிவிட்டது. முதல் கமெண்ட்: "திருட்டுக் கழுதைக்கு வாயப் பாரு."

பா.அ.வுக்கு எழுதினேன்: மோதிர வரியை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.
பதில்: "செம ரெஸ்பான்ஸ்மா. இப்ப கை வெக்கக்கூடாது."

ஜன. 20, செவ்வாய்

சாயங்காலம் அக்கா மேலே வந்தார். உட்காரவில்லை.

"அந்தாளு நம்பர் இருக்குல்ல? நான் பேசி அனுப்பறேன்."

"உங்க கொரல் அவர்கிட்ட போயிடும்க்கா. அதையும் பாட்டாக்கிடுவாரு."

"ஆக்கட்டும். கதவச் சாத்து."

போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். இந்த வீட்டில் இதுவரை கேட்காத குரல். வீடியோவில் இருந்த குரல்.

"ஞாயித்துக்கெழம எப்டிப் பேசணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தியே, நான்தாம்ப்பா அது. தேங்கா என்னுது. எங்க வீட்ல ஒடச்சது. மோதிரம் உன்னுது. நீதான் கொண்டாந்து வெச்ச. யார் வீட்டு மோதிரம்? எந்த மாடி? ஏறின மேடையிலயே ஏறிச் சொல்லு."

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மைக் குறி நீலமாயிற்று. கேட்டுவிட்டார்.

ஜன. 21, புதன்

பதில் இல்லை. ஆன்லைனில்தான் இருக்கிறார். உட்கார்ந்து அதையும் பாட்டாக்குகிறாரோ.

கீழேயிருந்து அக்கா, "சொன்னானா?"

மறுபடி அனுப்பினேன்: யார் வீட்டு மோதிரம்? சொல்லுங்கண்ணா.

நீல டிக்.