ஒருமாதிரி

ஆவணி 3, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். மூத்தவன் நேசன். கனடாவிலிருந்து வந்து நிற்கும் மகள் வசந்தி. அவள் மகள் அபிரா, வயது பத்தொன்பது. பக்கத்து வளவு ராசாத்தி, கூப்பிடாமலே.

சோளகக் காற்று அடங்கவில்லை. முருங்கைக் கொப்பு முறிந்து கிணற்றடியில். கூழ் காய்ச்சினேன். அபிரா கூழை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"அம்மம்மா, எனக்கு அஸ்பேகர்ஸ்."

புற்றுநோயில் ஒரு வகையாக்கும் என்று பயந்தேன். "எந்த டொக்டர் சொன்னவர்?"

"டொக்டர் இல்லை. நானே கண்டுபிடிச்சனான். போனில கேள்வியள் இருக்கு. என்ர சிநேகிதப் பிள்ளையள் நாலு பேருக்கும் இருக்கு. டொக்டர்மார் இப்ப அந்தப் பேரைப் பாவிக்கிறேல்லை. எங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

நோய் இல்லையாம். மூளையின் அமைப்பே வேறாம். சத்தம் தாங்காது. முகம் பார்த்துக் கதைக்க ஏலாது. ஒன்றைப் பிடித்தால் விடாது.

"உதுக்கு இஞ்சை வேற பேர் பிள்ளை. ஒருமாதிரி எண்டுவினம்" என்றாள் ராசாத்தி.

"ஒருமாதிரி எண்டா என்ன மாதிரி?"

ராசாத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கனடாவுக்குப் போனா ஒருமாதிரியும் ஒரு பட்டந்தான், நல்லம்மாக்கா."

எல்லோரும் நேசனைப் பார்த்தார்கள். அவன் கூழிலிருந்த பயற்றங்காய்த் துண்டுகளைப் பொறுக்கிக் கோப்பை விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

நேசனுக்கு ஏழு வயதில், கோயில் வீதியில், அந்தச் சொல்லை முதன்முதல் சொன்னவள் இதே ராசாத்தி. பச்சைச் சேலை. இடக்கையில் அர்ச்சனைத் தட்டு. எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆவணி 4, திங்கள்

காற்று. தூசி. உடுப்புக் காயப்போட ஏலாது.

போனில் உள்ள கேள்விகளை நேசனிடமும் கேட்க வேண்டுமாம் அபிராவுக்கு. கூடாது என்றேன்.

"கேக்கட்டுமே அம்மா" என்கிறாள் வசந்தி. "அண்ணாவுக்கும் ஒரு நல்ல பேர் கிடைக்கும்."

காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் வசந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். நேசனைக் கண்டால் சம்பந்தம் குழம்பும். அவனை ஆட்டுக்கொட்டிலில் விட்டு ஆமைப்பூட்டுப் போட்டோம். அண்ணா யாழ்ப்பாணம் போய்விட்டான் என்று வசந்திக்குச் சொன்னோம். இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் தன் கலியாணத்தையே வெறுத்துவிடுவாள்.

பூட்டியவர் என் புருஷன். அவர் பெயரை வாயால் சொல்லியதில்லை, எழுதலாம்: கந்தையா. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதன்பிறகு ஒன்பது வருடம், அவர் சாகும்வரை, என் கையால் சோறு போடவில்லை. சட்டியை முன்னால் வைத்துவிட்டு விலகிவிடுவேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. மன்னிக்கமாட்டேன்.

நேசனுக்குப் பொய் வராது. கேட்டால் சொல்லிவிடுவான்.

ஆவணி 6, புதன்

செய்ய வேண்டியவை: மிளகாய் வறுக்க. வசந்திக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா கட்டிக் கொடுக்க. நேசனைத் தனியே விடக்கூடாது.

அவர்கள் போக இன்னும் ஒன்பது நாள்.

கிணற்றடியில் அபிரா அழுதுகொண்டிருந்தாள். கேட்டேன்.

"பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில இருக்கேல்லை அம்மம்மா. அந்தப் பேர் தெரிஞ்ச பிறகுதான் நான் கூடாத பிள்ளை இல்லை எண்டு விளங்கினது."

அந்தப் பேரைப் புதுச் சட்டை போடுவதுபோல் போட்டுக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். துவாயைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்தாள். அழும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேசனைப் போல.

ஆவணி 7, வியாழன்

சங்கக்கடைக்குப் போனது பிழை. சீனி வாங்கப் போனேன். திரும்பி வர, விறாந்தையில் கேள்வி நடக்கிறது. நேசன் யன்னல் பக்கம் திரும்பி நிற்கிறான். அபிரா கையில் போன். வசந்தி கதிரையில்.

"பூட்டின அறைக்குள்ள இருக்கப் பயமோ மாமா?"

"அறை இல்லை. ஆட்டுக்கொட்டில். எட்டு இருபதிலயிருந்து இரண்டரை மட்டும். ஆமைப்பூட்டு."

"எப்ப அண்ணா?" வசந்தி எழும்பிவிட்டாள்.

"உன்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு."

"ஆர் பூட்டினது?"

வாசலில் நின்று நான் முந்திக்கொண்டேன். "கொப்பர்தான்."

நேசன் திரும்பவில்லை. யன்னலுக்குச் சொன்னான். முதலில் அவர் குரலில்:

"'பாவமடி, விடு. கண்டா காணட்டும்.' இது அப்பா."

பிறகு என் குரலில், நடுவில் வரும் செருமல்கூடத் தவறாமல்:

"'நீங்கள் விலகுங்கோ. நான் பூட்டுறன்.' இது அம்மா."

சீனிப் பை கையிலேயே இருந்தது. வசந்தி "அம்மா" என்றாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அபிரா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்த கேள்வி?" என்றான் நேசன்.

அவன் தன் வாழ்நாளில் ஒரு சொல்லும் புனைந்தவன் இல்லை. அவனுக்கு அது ஏலாது. எனக்கு ஏலும் போலிருக்கிறது. வேண்டாம் என்றவள் நான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவருடைய சொல்லை எடுத்து என் வாயில் வைத்திருக்கிறேன். ஒன்பது வருடம் அந்த மனிசன் தானே போட்டுச் சாப்பிட்டது.

திங்கட்கிழமை எழுதியதில் ஒரு பெயர் பிழை. கந்தையா என்பதை வெட்டிவிட்டேன். மன்னிக்கமாட்டேன் என்பதை வெட்டவில்லை. அதற்கு மேலே எழுத வேண்டிய பெயர்:

நல்லம்மா.