முச்சந்தியில் உன் பேனர்

சிபாலோம்,
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகள் இண்டாய் கிளாரிஸாவுக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மணிலாவில் நீயும் கொராசோன் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். காலையில் எழுந்ததும் காபிகூடப் போடாமல் நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா, முக்காலியைத் தூக்கிக்கொண்டு முச்சந்திக்குப் போய் உன் பேனரின் அவிழ்ந்த மூலையை இழுத்துக் கட்டியதுதான். ராத்திரிக் காற்றில் கயிறு விட்டுப்போய் உன் முகம் பாதி மடங்கிக் கிடந்தது. நீதான் இன்னும் அதைப் பார்க்கவில்லையே. பள்ளி முடித்த அன்று எடுத்த படம், அச்சடிக்கிற கடைக்காரன் அதன்மேல் யாருடைய வெள்ளைக் கோட்டையோ ஒட்டிக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் மாட்டிவிட்டான். கீழே மணிலாப் பல்கலைக்கழகத்தின் பெயர், அதற்கும் கீழே ‘எங்கள் வருங்கால டாக்டர்’. இடம் கிடைத்த செய்தி வந்த மத்தியானமே உன் அப்பா ஓடிப்போய் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். இங்கே பக்கத்து மியாகாவோ அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்தும் பதில் வரவேண்டுமே, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். “எதிர் வீட்டுப் பொண்ணு நர்ஸு பாஸானதுக்கே ரெண்டு மாசம் மாட்டி வச்சிருந்தாங்க, என் பொண்ணு மூஞ்சிக்கு என்ன குறைச்சல்” என்றார். அன்றிலிருந்து ஊரில் உனக்குப் பெயரே டாக்டர்தான். நம் தெரு மனாங் பெலிங் நம் கடைக்கு உப்பு வாங்க வந்தால்கூட, “டாக்டரம்மாவைப் பெத்தவளே, உன் மக வர்ற வரைக்கும் என் மூட்டுவலி காத்திருக்குமான்னு கேட்டுச் சொல்லுடி” என்று கேலி பண்ணிவிட்டுத்தான் போகிறாள்.

அடுத்த வாரமே மியாகாவோவிலிருந்தும் வரச் சொல்லிப் பதில் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் நீ இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் போனில் பேசலாம்தான். ஆனால் நம் வீட்டுப் போன் ஸ்பீக்கரில் போட்டுக் கடை மேஜைமேல் இருக்கிறது, நீ அழைத்தால் சோப்பு வாங்க வந்தவள்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். நாளைக்கு மணிலாவுக்கு விமானத்தில் வருகிற பக்கத்து வீட்டு ஜுன்ஜுன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே காய்ந்த மீனும் அத்தைக்குப் பிடித்த பியாயா இனிப்பு ரொட்டியும். போன ஞாயிறு அப்பா உன்னிடம், “எதும்மா முடிவு பண்ணியிருக்கே” என்று கேட்டாரே, நீ சிரித்துக்கொண்டு, “அதான் பேனரே மாட்டியாச்சேப்பா” என்றாய். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லையே என்று தோன்றியது. உன் சிரிப்பு மூக்கிலிருந்து வரும். அது ஊருக்காகச் சிரித்தது.

செலவைப் பற்றி உனக்குத் தெரியாமல் வைத்திருக்க எனக்கு இஷ்டமில்லை. மியாகாவோவில் கட்டணமே இல்லை, மணிலாவில் பாதிக்குத்தான் உதவித்தொகை, மீதிப் பாதிக்காக அப்பா மறுபடி கப்பல் ஏறப் பார்க்கிறார். அந்த முதுகோடு. கப்பல் கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் தேறவேண்டும் என்று அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்து பழகுகிறார், நான் வந்துவிட்டால் கீழே விழுந்த காசைத் தேடுவதுபோல் பாவனை. கேட்டால், “இன்னும் நாலு வருஷம் கடல் தண்ணியைப் பாத்தா செத்தா போயிடுவேன்” என்கிறார். இதைச் சொல்வது உன்னை மியாகாவோ பக்கம் தள்ளுவதற்காக அல்ல. நீ மணிலாதான் வேண்டும் என்று மனதாரச் சொன்னால் வழி பார்ப்போம், நான் ஆஸ்பத்திரியில் இரவு முறையும் எடுத்துக்கொள்வேன். ஆனால் இது மருத்துவத்துக்கு முந்தைய நான்கு வருடம்தான், அதற்கப்புறம் இன்னொரு நான்கு வருடம் நிற்கிறது, அதற்கான நுழைவுத்தேர்வு எங்கே படித்தவளுக்கும் ஒன்றுதான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும், பள்ளி விடுமுறையில் என்னோடு ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு வந்தாய். நாற்காலிமேல் முட்டி போட்டு மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்த்தாய். அங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம், “இது என்ன” என்றுதான் கேட்பார்கள். நீ, “இது யாரோடதும்மா, அவங்களுக்கு இப்ப காய்ச்சல் விட்டுடுச்சா” என்று கேட்டாய். எனக்குத் தெரியாது என்றதும் முகம் வாடி, வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்துவிட்டு வந்தாய். மணிலா வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கட்டடம் எல்லாம் அரண்மனை மாதிரி இருக்கிறது, ஒரு வகுப்பில் இருநூறு பேர், சந்தேகத்தைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும் என்றாய். மியாகாவோவுக்கு என்னோடு வந்தபோது வழியில் பேர் தெரியாத ஒரு ஆசிரியையைப் பிடித்துக்கொண்டு கடைசி ஜீப்னி வண்டி போகும்வரை கடலோரத்தில் நண்டைப் புரட்டிக்கொண்டிருந்தாய், நான் உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நானும் அங்கே படித்தவள்தானே, அங்கே நிற்கும்போது எனக்கு என் இருபது வயது திரும்பி வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. நாங்கள் நான்கு பேர் ஒரு தவளையை வைத்துக்கொண்டு படித்தோம், அதற்குப் பெயர்கூட வைத்தோம். ஜன்னலைத் திறந்தால் ஃபார்மலின் நெடியும் கடல் உப்பும் சேர்ந்து அடிக்கும், இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். மாதக் கடைசியில் கைகாய்ந்தால் நான்கு பேருமாகப் பச்சோய் நூடுல்ஸ் கடைக்குப் போய் ஒரே ஒரு கிண்ணம் வாங்குவோம், சாறு எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்களே, விடுதிச் சோற்றைப் பொட்டலத்தில் கொண்டுபோய் அதில் பிசைந்து சாப்பிடுவோம். கடைக்காரம்மா, “அடிப் பாவிகளா, மாட்டு எலும்பே வெளுத்துப்போச்சு, இன்னுமா” என்று திட்டிக்கொண்டே ஊற்றுவாள். அந்த ருசி பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் இண்டாய், அது என்னுடைய ஏக்கம். என் ஏக்கத்தை வைத்து நீ வாழவேண்டாம், அப்பாவின் பெருமையை வைத்தும் வேண்டாம். நண்டு உனக்கு வேண்டாம், அரண்மனைதான் வேண்டும் என்றால் அதுவும் சரிதான்.

குளித்த தலையோடு தூங்காதே, அத்தையிடம் முகம் சுளிக்காதே, வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. கடவுள் உன்னைக் கையில் ஏந்தி வைத்திருக்கட்டும், உன் நெற்றியில் என் முத்தம்.

கடைசியாக ஒன்று, இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வாரம் காற்று பலமாக இருக்கும் என்று வானொலியில் சொல்கிறார்கள். நாளை விடியுமுன் அந்தப் பேனரை நான் கழற்றிவிடப்போகிறேன். காற்று கொண்டுபோய்விட்டது என்று ஊர் பேசிக்கொள்ளட்டும், உன் ஞானஸ்நான உடுப்போடு அதையும் மடித்து என் பெட்டியில் வைத்துவிடுவேன். முச்சந்தி காலியாக இருக்கும்போது நீ யோசித்துச் சொல். கழற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை. ரத்தம் எடுக்கும்போது கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவோமே, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும், இன்று காலை பேனர் கயிற்றிலும் என் கை தானாக அந்த முடிச்சைத்தான் போட்டிருக்கிறது.

உன் அம்மா,
மரிலூ