வாசக்கால் ஏழாவது வரியில்

செப். 9, செவ்வாய்

காலையில் தூறல். துணி உள்ளே.

பல வருஷம் முன்பு எட்டாம் வகுப்பில் மஞ்சுநாத் கேட்ட கேள்வி: “டீச்சர், பூமி ஆடினா வீடு விழுது, மரம் ஏன் விழல?” சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கி மேசையை ஆட்டிக் காட்டினேன். சரிந்தன. கயிற்றால் கட்டி ஆட்டினேன். நின்றன. மேசைக்கால்தான் உடைந்தது. ஹெச்.எம். திட்டு.

அவனுக்கு இப்போது தலை பாதி நரை. போச்சம்பள்ளி தொழிற்பேட்டை ஓரம் ஷெட். வடக்கே மலைப்பக்கம் நிலநடுக்கத்தில் வீடு இழந்தவர்களுக்கு, பிரித்துச் சேர்க்கிற வீடு செய்கிறான். இரும்புச் சட்டம், நடுவே தென்னை நார்ப் பலகை. சிமென்ட் இல்லை, எல்லாம் போல்ட். பின்னால் நல்ல வீடு கட்டிக்கொண்டால் இதைக் கழற்றி மாட்டுக்கொட்டகை ஆக்கலாம்.

என் வேலை: எப்படிச் சேர்ப்பது என்று ஒரு தாள். இன்ஜினியர் இல்லாமல், எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் செய்கிற மாதிரி. மஞ்சுநாத் எழுதியதைப் படித்தேன். எனக்கே பயமாக இருந்தது.

“நட்டை முதலில் ஊறுகாய் பாட்டில் மூடி அளவுக்கு முறுக்கவும்.” இது என் வரி. திருப்தி.

செப். 10, புதன்

வெயில். தாளை இவரிடம் படிக்கக் கொடுத்தேன்.

“வலது பக்கம்னா யாரோட வலது? எனக்கா, வீட்டுக்கா?”

“உங்களுக்குத்தான்.”

“நான் திரும்பி நின்னா?”

முப்பது வருஷம் கூட இருந்தவர் கேட்கிற கேள்வியா? ஆனாலும் நியாயம். வலது, இடது எல்லாம் அடித்தேன். பலகைக்குப் பலகை எண், பெயிண்டில்.

மதியம் ஷெட். வெல்டர் பிரேமுக்கு அந்த மலைப்பக்கம்தான் ஊர். அம்மாவும் தங்கையும் தார்ப்பாய்க்குள் இருக்கிறார்கள். அவன் போனில் காட்டிய படத்தைப் பார்த்துத்தான் மஞ்சுநாத் இதில் இறங்கினான். இன்னும் சில வாரத்தில் அங்கே பனி. அதற்குள் நாற்பது வீடு போக வேண்டும்.

ஆனால் நிவாரணக் குழு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. முன்பின் பார்க்காத நான்கு பேர், தாளை மட்டும் வைத்து, ஒரே பகலில் ஒரு வீட்டை நிறுத்திக் காட்ட வேண்டும். செய்தவர்கள், எழுதியவர்கள் வாய் திறக்கக் கூடாது. நிற்காவிட்டால் இந்த வருஷம் அங்கே தார்ப்பாய்தான்.

இவரிடம் சொன்னேன். “நீ? ஒரு பகல் பூரா? வாய் திறக்காம?” என்று சிரித்தவர் டம்ளரைக் கீழே போட்டார்.

செப். 11, வியாழன்

தாள் லேமினேஷன். ஸ்பேனர் 4, ரசமட்டம் 1, ஏணி 2. மோர் சொல்லியாச்சு. நான்கு பேரும் மத்தூர்ப் பக்கம், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். மாதம்மாள், அவள் தம்பி மாதேஷ், இன்னும் இருவர்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது.

செப். 12, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

குழுவிலிருந்து ஒரு அம்மா, கையில் நோட்டு. வரவே மணி பத்து. மாதம்மாள் வானத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். “டேய் மாதேசா, பத்தரைக்கு ராகு காலம்டா. அதுக்குள்ள வாசக்கால வெச்சிரணும், வாங்கடா!”

தாளில் முதல் வரி பின்பக்க மூலைக் கம்பம். வாசக்கால் பலகை ஏழாவது வரி, கடைசி. அவர்கள் அதைத் தூக்கி முதலில் நிறுத்தி, போல்ட்டை முழுசாக இறுக்கி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். நோட்டு அம்மாவுக்கும் குங்குமம்.

வாய் திறந்துவிடாமல் இருக்க ஏலக்காய் போட்டுக்கொண்டேன். நான்கு ஏலக்காய்.

காரணம் இது. வாசக்கால் பலகையில் மட்டும் போல்ட் ஓட்டைகள் நீளமாக இருக்கும். பாவாடை நாடா மாதிரி. கடைசியில் கொஞ்சம் இழுத்து விட்டு அளவைச் சரி செய்ய. நாடாவை முதலிலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இரு பக்கமும் சுவர் வேகமாக வளர்ந்தது. நாலு மணிக்குப் பின்பக்கம் கடைசியாக ஜன்னல் பலகை. நுழையவில்லை. இரண்டு விரல் இடம் குறைவு. மாதேஷ் தோளால் இடித்தான். தோள்தான் வீங்கியது.

ஐந்துக்கு அந்த அம்மா நோட்டை மூடினார். “புதன்கிழமை இதே நாலு பேரோடு இன்னொரு முறை. அதோடு சரி.”

அவர் போனதும் மஞ்சுநாத் கத்தினான். “தாளைப் படிக்கவே இல்லையா?”

“படிச்சம் சார்,” என்றான் மாதேஷ். “ஏழாவதா வாசக்காலுன்னு போட்டிருந்திச்சி. டீச்சரு தப்பா எழுதிட்டாங்கன்னு விட்டுட்டம்.”

மாதம்மாள்: “வாசக்காலு வெக்காத செவுரு எழுப்புவாங்களா? இன்னா டீச்சரு நீங்க, படிச்சவங்க!”

பிரேம் ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

செப். 13, சனி

இட்லி மாவு பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு ஷெட்.

சிவப்பில், பெரிய எழுத்தில் போடலாம் என்றான் மஞ்சுநாத்: “வாசக்கால் கடைசியில்தான்!” சரியென்று நானும் எழுதினேன். மூன்று ஆச்சரியக்குறி.

பிரேமைக் கூப்பிட்டேன். உங்கள் ஊரில் எதை முதலில் வைப்பீர்கள்? யோசித்தான். அம்மாவுக்கு வீடியோ கால். பின்னால் நீலத் தார்ப்பாய் படபடத்தது. அவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். பிரேம் நெளிந்தான்.

“சொல்லுப்பா.”

“டீச்சர்ஜி, அம்மா கேக்குது... வாசல் வெக்காம சுவர் வெச்சா, அது வீடா, ஜெயிலான்னு. எங்க ஊர்லயும் வாசக்கால்தான் ஃபர்ஸ்ட். சிவப்புத் துணி கட்டும்.”

மஞ்சுநாத்தும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாற்பது வீட்டுக்காரர்களும் மாதம்மாள் செய்ததைத்தான் செய்திருப்பார்கள். அதுவும் பனியில்.

சிவப்புத் தாளைக் கிழித்தேன். மாற வேண்டியது வீடு. நீள ஓட்டைகளை வாசக்காலிலிருந்து எடுத்துப் பின் ஜன்னல் பலகைக்கு மாற்றுவது. மாலைக்குள் வரைபடம். பிரேம் கட்டிங் மெஷினைப் போட்டுவிட்டான்.

புது வில்லங்கம்: மாதம்மாளிடமிருந்து போன். “புதன் பொரட்டாசி ஒண்ணு. அன்னிக்கி எவன் கூப்புட்டாலும் வாசக்காலு தொட மாட்டம்.”

செப். 14, ஞாயிறு

குழு அம்மாவிடம் மஞ்சுநாத் போனில் புரட்டாசியை விளக்கிய அழகு! கிரகம், மாதம், பெருமாள் எல்லாம் வந்தன. கடைசியில் செவ்வாய் என்று ஒத்துக்கொண்டார். எங்களுக்கு ஒரு நாள் குறைந்தது. தாள் மறுபடி எழுதினேன், வாசக்கால் முதல் வரியில். இவர் படித்தார். கேள்வி கேட்கவில்லை. அதுதான் பயம்.

செப். 16, செவ்வாய்

மேகம். ஒன்பதுக்கே எல்லாரும் ஆஜர்.

மாதம்மாள் தாளைக் கையில் வாங்கி, முதல் வரியைப் படித்து, என்னைப் பார்த்து, “இப்பத்தான் டீச்சருக்கு வூடு கட்ட வருது” என்றாள். மறுபடி ஏலக்காய்.

ஒன்றேகாலுக்கு மூன்று சுவர். இரண்டே முக்காலுக்குக் கடைசி ஜன்னல் பலகை. ஒரு விரல் இடித்தது. மாதேஷ் தோளைக் கொண்டுபோனான். அக்கா அவனைத் தள்ளிவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, பலகையை ஓர் இழுப்பு. உட்கார்ந்தது. “மூணுக்கு முன்னாடி முடிஞ்சிது. ராகு காலத்துக்கு வேல இல்ல!”

நோட்டு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சுவரை இரு கையாலும் குலுக்கினார். வெளியே வந்தார். “எந்த இன்ஜினியர் இந்த வரிசையைப் போட்டது?” மஞ்சுநாத் மாதம்மாளைக் காட்டினான். அவள் மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை முதல் லாரி. பட்டியலில் பிரேமின் அம்மா பதினோராவது. முன்னால் போடச் சொல்லி அவன் கேட்கவில்லை. நாற்பது தாளையும் அவனே எண்ணி உறைக்குள் போட்டான், இரண்டு முறை.

இந்த நோட்டை யார் எடுத்துப் படித்தாலும் ஒரு சின்ன வேலை. மேசை விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பி, வீட்டில் ஒருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், அவர் எதை முதலில் எடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.