நீலப் போனும் கறுப்புப் போனும்

கராகோல், கிர்கிஸ்தான்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஜார்கினுக்கு,

இங்கே ஆட்கள் நலம், ஆடுகள் நலம், கிழட்டுக் குதிரையும் தன் பங்குக்கு நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிர் ஏறும் முன்பே கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் நினைப்பும். என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பதறியிருப்பாய், ஒன்றும் இல்லை, முதலில் மூச்சை விடு. பக்கத்து வீட்டுத் துராத்தின் மருமகள் செவ்வாய்க்கிழமை கொரியாவுக்கு, உன் இஞ்சியோனுக்கே விமானம் ஏறுகிறாள், அவள் கையில் காய்ந்த தயிர் உருண்டை ஒரு பையும் ஆப்ரிகாட் ஜாம் இரண்டு பாட்டிலும் கொடுத்துவிடுகிறோம், அதோடு இந்தக் கடிதமும் வருகிறது. ஜாம் பாட்டில்களை என் பழைய சட்டையில் சுற்றியிருக்கிறேன், சட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே, தரை துடைக்கவாவது ஆகும். கூரைக்குத் தகரம் மாற்றியாகிவிட்டது, மழை பெய்தால் சத்தம் பழையபடி இல்லை, தூக்கம் வரவில்லை என்று உன் அம்மா புகார் சொல்கிறாள். உன் தம்பி பிஷ்கெக்கில் ஒழுங்காகப் படிக்கிறேன் என்கிறான், உன் அம்மா நம்புகிறாள், நான் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நீ எங்கள் இருவருக்கும் ஒரே விலையில் ஆளுக்கொரு போன் வாங்கிக்கொள்ளச் சொன்னாய் இல்லையா, ஒருத்தருக்கு உசத்தி ஒருத்தருக்கு மட்டம் என்று வீட்டில் சண்டை வரக்கூடாதென்று. பஜாரில் கடைக்காரப் பெண் இரண்டை எடுத்து வைத்து, "அண்ணே, ரெண்டும் ஒரே விலை, ஒரே வேகம், வேற கம்பெனி, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டு எதை வேணா எடுங்க" என்றாள். மாவு ஒட்டினாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று உன் அம்மா கறுப்பை எடுத்தாள், எனக்கு நீலம் வந்தது. வாங்கினதிலிருந்து நீ நாலு தடவை நீலத்துக்குக் கூப்பிட்டாய், பிறகு அது ஊமையாகிவிட்டது. கறுப்பு மட்டும் வாரம் தவறாமல் அடிக்கிறது, உன் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள், அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் எனக்கு வருகிறது. இதில் ஒரு மாதமாக அவள் வேறு, "உன்கிட்ட அவ ஒண்ணு கேக்கணுமாம். என்னன்னு என்கிட்ட கேக்காதே, நான் தூது போக மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது, நீலப் போன் நொண்டி, நீ முதலில் எனக்குத்தான் கூப்பிடுகிறாய், அது எழுந்திருக்க நேரமாவதால் கறுப்புக்கு மாறிவிடுகிறாய் என்று. கடைக்காரி என் தலையில் கட்டிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சும்மா சொல்லிக்கொண்டிருப்பானேன், பார்த்துவிடலாம் என்று நேற்று சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஸ்டாப்வாட்சை எடுத்தேன். முப்பத்தொரு வருஷம் பந்தயத் திடலில் குதிரைகளுக்கு நேரம் பார்த்தவன், இரண்டு போனுக்குப் பார்க்க மாட்டேனா. இரண்டுக்கும் முழுசாக சார்ஜ் ஏற்றி, அணைத்து, ஆறவைத்து, ஒரே இடத்தில் வைத்தேன். ஒருவன் கண் போதாது, இரண்டு பேர் பார்த்தால்தான் பந்தயம் செல்லும் என்பதால் துராத்தைக் கூப்பிட்டேன். அவன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான், "டேய் கெனெஷ், பென்ஷன் வாங்கினா மூளையையும் திருப்பிக் குடுத்துட்டு வரணுமாடா? குதிரை எங்கே, போனுக்கா கடிகாரம் புடிக்கிறே?" என்று. அவனை வாயை மூடி உட்காரச் சொல்லிவிட்டு, உன் அம்மாவை முதல் சுற்றுக்கு ஜாக்கியாக வைத்தேன், இரண்டாம் சுற்றுக்குத் துராத், ஏனென்றால் கை மாறினால் வேகமும் மாறும், அது குதிரையிலும் அப்படித்தான். அணைத்ததை முடுக்கி எழுப்ப நீலத்துக்கு இருபத்தொரு விநாடி, கறுப்புக்கு இருபத்தேழு. வாட்ஸ்அப்பைத் திறக்க நீலம் ஒன்றே கால் விநாடி, கறுப்பு இரண்டுக்கு மேல். படம் எடுப்பதில் கறுப்பு ஒரு மயிரிழை முந்தியது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வானிலை, வீடியோ, உன் தம்பி போட்டுக்கொடுத்த வரைபடம், பாட்டு என்று ஐந்தாறைத் திறந்துவைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினால் நீலம் விட்ட இடத்தில் நிற்கிறது, கறுப்பு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து புறப்படுகிறது. நடுவில் என் கட்டைவிரலை நீலம் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, கடிவாளம் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துவிட்டது போலிருக்கிறது, "மூஞ்சியைக் காட்டிப் பாரு, பயந்து தானா திறந்துடும்" என்றான் துராத். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியாக, எனக்கு வேண்டிய சோதனை. துராத் கொல்லையில் நின்று இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டான், கூப்பிட்ட நொடியிலிருந்து மணி அடிக்க எவ்வளவு நேரம் என்று மும்மூன்று தடவை பார்த்தேன். நீலம் மூன்று விநாடிக்குள் அடித்தது. கறுப்புக்கு நாலரை ஆனது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா, நொண்டி என்று நானே திட்டிக்கொண்டிருந்ததை மறந்து, "பாத்தியா, என் போன்தான் ஜெயிச்சுது!" என்று மேசையைத் தட்டினேன். பந்தய புத்தி, ஜெயித்தது எது என்று மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். துராத் கொல்லையிலிருந்து உள்ளே வந்து, "சரிடா, அப்போ பொண்ணு ஏன் உனக்குக் கூப்பிடலை?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று அவனுக்கே தெரிந்து, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டான். உன் அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, என் நீலப் போனை எடுத்து எங்கேயோ தட்டி என் முன்னால் வைத்தாள். "கிழவா, இதுவும் நேரம் பாத்து வெச்சிருக்கு. படி" என்றாள். உன் பேர் நாலு இடத்தில் இருந்தது, பக்கத்தில் பேசின நேரம். பதினோரு விநாடி. ஒன்பது விநாடி. பதினாலு. கடைசியாக ஆறு. அவள் போனில் முப்பத்தெட்டு நிமிஷம், நாற்பத்திரண்டு நிமிஷம். "நாலு தடவை கூப்பிட்டா. நாலு தடவையும் நல்லாயிருக்கியா, அங்க குளிரா, இந்தா அம்மாகிட்ட பேசுன்னு என் கையில குடுத்தே, நான் அதைக் கட் பண்ணிட்டு என் போன்ல பேசினேன். அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள குடுத்தே. அந்தப் பொண்ணு எத்தனை தடவைதான் சுவத்துல முட்டிக்கும்?" என்றாள். அதன் பிறகுதான் நீ கேட்க நினைத்ததையும் சொன்னாள். அங்கே இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா, மாதக் கடைசிக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் சொன்னால்தான் எனக்குச் சரி என்று என்னைப் பற்றி நீ சொன்னாயாம். என்னை நம்பி இவ்வளவு பெரிய கேள்வியோடு வந்தவளுக்கு நான் கொடுத்தது ஆறு விநாடி. வெட்கத்தில் எழுந்து குதிரைக்குத் தீனி வைக்கப் போனேன், அதற்கு அப்போதுதான் வைத்திருந்தேன்.

ஏன் அப்படிச் செய்கிறேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். குற்றத்தை யார் தலையிலும் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன். நீ தலைச்சன். நாற்பதாம் நாள் உன்னைக் கொண்டுபோய் என் அப்பா மடியில் வைத்தோம், முதல் பிள்ளையைத் தாத்தாவுக்கே கொடுப்பது எங்களில் பல வீட்டில் செய்வதுதான். அன்றிலிருந்து நீ அவர் மகள், நான் உனக்கு அண்ணன், உன் அம்மா உனக்கு அண்ணி. உன் மழலையில் அண்ணா என்று என்னைக் கூப்பிடும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, உள்ளே எங்கேயோ ஒரு இடம் சுருங்கும், அதை யாரிடம் சொல்வது. அவர் முன்னால் உன்னைத் தூக்கிக் கொஞ்ச முடியாது, பெரியவர் எதிரில் சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுகிறவனை ஊர் சிரிக்கும். உன் அம்மா பிழைத்துக்கொண்டாள், அண்ணி என்று கூப்பிட்டாலும் உனக்குத் தலை பின்னிவிட அவள்தானே வேண்டும். தலை பின்னப் பின்னப் பேச்சும் வளர்ந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு வேலை வாய்க்கவில்லை. உன் தம்பி பிறந்ததிலிருந்து அப்பா என்றுதான் கூப்பிட்டான், அவனைத் திட்டவும் தெரியும், அணைக்கவும் தெரியும். உன்னிடம் மட்டும் எனக்கு ஒன்றும் வராது.

ஒரே ஒரு நாள் உண்டு, உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு ஐந்து வயது. உன் தாத்தாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் பந்தயத்துக்கு "நீயே கூட்டிட்டுப் போ" என்று என்னிடம் விட்டார். திரும்பும்போது சேணத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்தபடியே என் நெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனாய். அரைமணி வழி. குதிரையை நடையாக விட்டேன், அதுவும் வேகமாகத் தெரிந்தது, ஆற்றங்கரையில் இறங்காமலே நிறுத்தி அதை மேயவிட்டேன். உன் தலையில் தூசியும் சூரியகாந்தி விதையும் மணத்தது, வாயோரம் எச்சில் என் சட்டையை நனைத்திருந்தது. கடிகாரம் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அன்று மட்டும் நான் நேரம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வர இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், என் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார், குதிரை நொண்டியது என்று பொய் சொன்னேன். அவர் பாவம், பிடித்த முதுகோடு குனிந்து நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்து, ஒன்றுமில்லாத காலுக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டார். அவர் போனபோது உனக்குப் பதினாலு. இனி இவரைத்தான் அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் உன்னை என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள், நீ வாயைத் திறந்தாய், வரவில்லை, நான் சேண வாரைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அப்படித் திரும்பியிருக்கக் கூடாது ஜார்கின். போனிலும் அதையேதான் செய்கிறேன் போலிருக்கிறது.

உன் குரலைக் கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் பேசினால் வந்துவிடு என்று சொல்லிவிடுவேன், அப்படிச் சொல்ல இவன் யார் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயம், அதனால்தான் உன் அம்மா கையில் தள்ளிவிடுகிறேன். இன்று காலையும் கறுப்பு அடித்தது, நான் பறித்துப் பேசியிருக்கலாம், தைரியம் இல்லாமல் கொல்லைக்குப் போய்விட்டேன். எழுத்தில் வருகிறது, அதனால் எழுதுகிறேன். நீ கேட்டதற்கு என் பதில் இது. எங்களுக்காகக் கையெழுத்துப் போடாதே, தகரம் மாற்றியாயிற்று, உன் அம்மா முழங்கால் தேவலை, இந்த வீட்டில் உன்னைத் தவிர ஒரு குறையும் இல்லை. அந்த வேலையும் அந்த ஊரும் உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போடு, நான் முகத்தைத் தூக்க மாட்டேன், முகத்தைத் தூக்கினாலும் நீ கண்டுகொள்ளாதே. ஆனால் வா என்று ஒருவர் சொல்ல மாட்டாரா என்று காத்துக்கொண்டிருந்தாயானால், நான் சொல்கிறேன், வந்துவிடு. ஒன்பது வருஷத்துக்கு முன்பு நீ என் எதிரில் வந்து நின்ற அன்றே சொல்லியிருக்க வேண்டியவன் இப்போதாவது சொல்கிறேன்.

தயிர் உருண்டையை ஈரம் படாமல் வை, பக்கத்து அறைப் பெண்களுக்கும் கொடு. தொழிற்சாலையில் இரும்புத் தரையில் நிற்கும்போது மெல்லிய செருப்போடு நிற்காதே. உன் வழி எப்போதும் திறந்திருக்கட்டும், போகிற வழியும் வருகிற வழியும். கடவுள் உன் கைகால்களுக்குத் துணையாக இருக்கட்டும். மறந்துவிடாதே, அடுத்த ஞாயிறு, இங்கே காலை ஒன்பது, அங்கே மதியம் பன்னிரண்டு, நீலத்துக்குக் கூப்பிடு. நான் யார் கையிலும் கொடுக்க மாட்டேன், உன் அம்மா கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நீ என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு, அண்ணா என்றாலும் சரி, ஒன்றுமே சொல்லாமல் பேச ஆரம்பித்தாலும் சரி. நான் உன்னை மகளே என்றுதான் கூப்பிடப்போகிறேன்.

உன் அப்பா,
கெனெஷ்