புருவத்தில் ஒரு வெட்டு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், உன் வறட்டு இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்குப் புது வேலை பழகிவிட்டதா என்று எழுது. நான் எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பில் சேர்ந்ததற்கு நீ சிரித்தாயே, இப்போது அப்பாவையே ஜன்னலோரம் உட்கார வைத்து வரைகிறேன். முதலில் வெறும் பழுப்பு நிறத்தில் நிழலையும் வெளிச்சத்தையும் போட வேண்டும், அது காய்ந்த பிறகுதான் முகத்து நிறத்தை மெல்லிசாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் சேறாகிவிடும். தன் மூக்குக்கே தனிப் படம் வேண்டியிருக்கும் என்று அப்பா கேலி வேறு.

மூக்கும் தாடையும் அச்சு அசலாக வந்தன, இடது புருவம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நடுவில் வெட்டுப்பட்ட மாதிரி ஓர் இடைவெளி. நிரப்பினேன், காய்ந்ததும் அதே இடம் வெளுத்துக் கிடந்தது. வகுப்புக்குக் கொண்டுபோனபோது டீச்சர் பார்த்துவிட்டு, "அடிப் பூச்சு மேல தெரியுதும்மா, கொஞ்சம் கெட்டியா போடுங்க" என்றாள். போட்டேன், மறுபடியும் அதே வெட்டு. அதுவரை படத்தை நான் அப்பாவுக்குக் காட்டாமலே வைத்திருந்தேன், அன்றைக்கு அவரே எழுந்து வந்து பார்த்தார். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இது நான் இல்ல. அண்ணன்" என்றார்.

உனக்கு ஒரு பெரியப்பா இருந்தது உனக்குத் தெரியாது. பதினேழு வயதில் கிணற்றில் தவறி விழுந்தவர், மறுநாள்தான் தேடி எடுத்தார்களாம். கல்யாணமான புதிதில் அப்பா இவ்வளவுதான் சொன்னார், அப்புறம் வாயே திறந்ததில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. சின்ன வயதில் கதவில் மோதிப் பெரியப்பாவுக்குப் புருவம் கிழிந்ததை அன்றுதான் சொன்னார். உயிரோடு இருந்திருந்தால் இந்த வயதில் இப்படித்தான் இருப்பாராம். சுரண்டி எடுத்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம், இப்பதான வந்திருக்கான்" என்றார். அதிலிருந்து டீயெல்லாம் படத்துக்கு எதிரேதான், நான் சமையலறையில் இருந்தால் தணிந்த குரலில் பேச்சு கேட்கிறது, உள்ளே போனால் நின்றுவிடுகிறது.

நேற்று தூசி படியாமல் இருக்கட்டும் என்று படத்தின்மேல் துணி போடப் போனேன். "மூடாத. அவனுக்கு இருட்டுன்னா பயம்" என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன். சின்ன வயதில் நீ இருட்டுக்கு அழும்போது நான் அதட்டுவேன், அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் விளக்கைப் போட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஏனென்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அடுத்து போனில் பேசும்போது பெரியப்பாவைப் பற்றி அவரிடம் கேள், மறக்காதே. என்னிடம் வராத பேச்சு உன்னிடம் வரும். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, மனநிறைவோடு இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா